உரிய வேண்டிய இடத்தில் உரியாத பெயிண்ட், வேண்டாத இடத்தில் உரியும் பெயிண்ட்

பெயிண்ட் உரிவது வேறு எந்த வேலையிலும் குறைதான். பழைய மேசை, நாற்காலி, அலமாரிக்குத் தேய்ந்த தோற்றம் கொடுக்கும் வேலையில் மட்டும் நாமே உப்புத்தாளை எடுத்து அதை உரிய வைக்கிறோம். அதனால்தான் இதில் எது அழகு, எது கோளாறு என்று பிரிப்பது கொஞ்சம் குழப்பம். விளிம்பில் மரம் எட்டிப் பார்த்தால் நல்லது. மேசைப் பலகையின் நடுவில் நகம் பட்டதும் பெயர்ந்து வந்தால் அது வேறு கதை.

எந்த அறிகுறியானாலும் முதலில் ஒன்றைச் செய்யாமல் இருங்கள்: மேலே இன்னொரு பூச்சு அடிக்காதீர்கள். இந்த வேலையில் வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் பெயிண்டுக்குக் கீழே பிறப்பவை. கறையோ, பெயர்வோ, குழியோ, மூடி மறைத்தால் சில நாளில் புதுப் பூச்சையும் சேர்த்துக் கெடுத்துக்கொண்டு மேலே வரும்.

சுரண்டத் தொடங்கும் முன் இன்னொன்று. சாமானில் ஏற்கெனவே பழைய பெயிண்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குத் தடை வந்ததே 1978இல்தான். பல நாடுகளில் அதற்குப் பிறகும் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. வயது தெரியாத பெயிண்டை உலர்வாகத் தேய்க்காதீர்கள், சூடான காற்றை வீசும் ஹீட் கன்னும் காட்டாதீர்கள். தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேய்த்து, குழம்பாக வருவதைத் துணியில் துடைத்தெடுத்து, அந்தத் துணியோடு கட்டி அகற்றுங்கள். நுண்தூசியைத் தடுக்கும் சுவாசக் கவசம் அவசியம். முக்கியமாக, 'அடியில் இருக்கும் அந்தக் கால நிறம் அங்கங்கே தெரிந்தால் அழகாக இருக்குமே' என்ற ஆசையை இங்கே விட்டுவிட வேண்டும். அப்படித் தெரிய விடுவது ஈயத்தைக் கை படும் இடத்தில் திறந்து வைப்பது. குழந்தைகள் புழங்கும் சாமான் என்றால் நான் அதைத் தொடவே மாட்டேன்.

நகம் பட்டாலே பெயர்ந்து வருகிறது

பெயர்ந்த பொருக்கு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். எந்த இரண்டு அடுக்குக்கு நடுவில் பிடி விட்டது என்பதை அதன் அடிப்பக்கம் சொல்லிவிடும்.

அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக, உங்கள் பெயிண்டின் நிறத்திலேயே இருந்தால், பழைய வார்னிஷோ பாலிஷோ மேல் அப்படியே அடித்திருக்கிறீர்கள் என்று பொருள். பளபளப்பான பரப்பில் பெயிண்டுக்குப் பிடிமானம் இல்லை. தானாகப் பெயர்வதையெல்லாம் பட்டி (துளை, பள்ளம் அடைக்கும் பசை) பூசும் தகட்டால் எடுத்துவிட்டு, பிடிவாதமாக நிற்பதை விட்டுவிடுங்கள். பிறகு 120 அல்லது 150ஆம் எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும் வரை தேய்க்க வேண்டும். மரம் தெரியும் வரை போக வேண்டியதில்லை. பரப்பு முழுக்க மங்கிவிட்டால் போதும். தூசியைத் துடைத்து, ஒட்டுதலுக்கென்றே வரும் பிரைமர், அதாவது பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, ஒரு முறை.

அடிப்பக்கத்தைத் தொட்டால் விரல் வழுக்குகிறதா? அப்படியானால் கீழே இருப்பது மெழுகு, அல்லது வருடக்கணக்கில் துடைத்துத் துடைத்து ஏறிய மரச்சாமான் பாலிஷ். இதை முதலில் தேய்த்தால் நிலைமை இன்னும் மோசமாகும். உப்புத்தாள் மெழுகை மர ரேகைக்குள் அழுத்தித் திணித்துவிடும். டர்பன்டைன் நனைத்த துணியால் துடையுங்கள். துணி மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறும். துணியைத் திருப்பி, மாற்றி, அது சுத்தமாக வரும் வரை துடைத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் ஒருமுறை, வெறும் தண்ணீரில் ஒருமுறை. காய்ந்த பிறகுதான் உப்புத்தாள்.

மாவு மாதிரி மரத்தூள் ஒட்டி வந்தால், ஒன்று தேய்த்த தூசியைச் சரியாகத் துடைக்கவில்லை, அல்லது மரத்தின் மேல்தோலே வெயிலிலும் மழையிலும் செத்துப் போயிருக்கிறது. வெளியே கிடந்த நாற்காலிகளில் சாம்பல் நிறமாக இருக்குமே, அதுதான். அந்தச் சாம்பல் அடுக்கு போகும் வரை தேய்த்தே ஆக வேண்டும். சிறு துளைகளிலிருந்து மாவு தொடர்ந்து கொட்டுகிறது என்றால் உளுப்பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. பெயிண்ட் வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள்.

பொருக்கின் அடியில் வேறொரு பழைய நிறம் ஒட்டிக்கொண்டு வந்தால் உங்கள் பெயிண்டில் குற்றமில்லை. யாரோ எப்போதோ அடித்தது இப்போது கைவிட்டிருக்கிறது. அதை முழுவதும் எடுக்காமல் வேறு வழி கிடையாது.

எடுத்த பிறகு, மிச்சம் நிற்பது உண்மையில் நிற்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை: கூரான பிளேடால் பெருக்கல் குறி மாதிரிக் கீறி, அதன் மேல் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். கீறலின் ஓரத்தில் ஒன்றும் வரவில்லை என்றால் அங்கே விட்டுவிடலாம். நாடாவில் துண்டு துண்டாக வந்தால் இன்னும் சுரண்ட வேண்டும்.

பால் பெயிண்ட் மட்டும் தனி ஜாதி. பாலில் உள்ள கேசீன் புரதம், சுண்ணாம்பு, நிறத்தூள் சேர்ந்த பவுடர் அது. வெறும் மரத்தில் ஊறிப் பிடித்துக்கொள்ளும். பழைய வார்னிஷ் மேல் அடித்தால் தானாகவே பொருக்கு விட்டுக் கொட்டும். சிலர் அதற்காகவே அதை வாங்குகிறார்கள். எங்கே கொட்டும், எவ்வளவு கொட்டும் என்பது உங்கள் கையில் இல்லை என்பதுதான் சங்கடம். கொட்டக் கூடாத பரப்புகளுக்கு, அதற்கென விற்கும் பிடிமானத் திரவத்தை முதல் பூச்சில் கலந்துகொள்ளுங்கள். கொட்டலாம் என்று நினைக்கும் மூலைகளுக்குக் கலக்காமல் அடியுங்கள். காய்ந்ததும் தளர்ந்ததையெல்லாம் தட்டிவிட்டு மேலே மெழுகோ வார்னிஷோ பூசினால் மிச்சம் நின்றுவிடும்.

வெள்ளை பெயிண்டில் மஞ்சள், இளஞ்சிவப்பு, பழுப்புத் திட்டுகள்

இது அழுக்கு இல்லை. ஓக், மகோகனி, தேக்கு போன்ற மரங்களில் உள்ள டானின் முதலிய சாயப் பொருள்கள் தண்ணீர் கலந்த பெயிண்டில் கரைந்து, அது காயும்போது மேலே ஏறிவிடுகின்றன. இளஞ்சிவப்பு வந்தால் பெரும்பாலும் அந்தக் காலத்தில் ஏற்றிய சிவப்புச் சாயம். பைன் மரத்தில் வட்ட வட்டமாக மஞ்சள் தெரிந்தால் கணுக்களில் உள்ள பிசின்.

இரண்டு கோட், மூன்று கோட் என்று அடித்துக்கொண்டே போவது வீண். ஒவ்வொரு பூச்சின் தண்ணீரும் இன்னும் கொஞ்சம் சாயத்தைக் கரைத்து மேலே கொண்டு வரும். இதற்கு மருந்து ஷெல்லாக், அதாவது அரக்கிலிருந்து எடுத்து ஸ்பிரிட்டில் கரைத்த பூச்சு. அதில் தண்ணீர் இல்லை. காய்ந்த பின் கீழே உள்ளதை மேலே வர விடாது. மெழுகு நீக்கிய வகையாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் அதன் மேல் பெயிண்ட் சரியாக ஒட்டாது. கறை வந்த இடத்தில் மட்டும் இல்லாமல் பலகை முழுக்க மெல்லிதாக இரண்டு பூச்சு. ஒரு மணி நேரத்தில் அடுத்த பூச்சுக்குத் தயாராகிவிடும். கணுக்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. பழைய அலமாரிக்குள் அடிக்கும் புழுங்கல் வாடைக்கும் இதே ஷெல்லாக்கை உள்பக்கம் பூசிப் பாருங்கள், நன்றாக அடங்குகிறது.

வெளிர் நிறம் அடிக்கப் போகிறீர்கள், மரம் என்னவென்று தெரியவில்லை என்றால், கறை வரும் வரை காத்திருக்காமல் ஷெல்லாக்கிலேயே தொடங்குங்கள்.

தேய்த்த இடங்கள் பொய்யாகத் தெரிகின்றன

பெயிண்ட் நன்றாக நிற்கிறது, கறை இல்லை, ஆனாலும் பார்த்தவுடன் 'நேற்று தேய்த்தது' என்று தெரிகிறது. என்னைக் கேட்டால் இந்த வேலையில் மிக அதிகமாகக் காணப்படும் குறை இதுதான்.

முதல் காரணம் இடம். எல்லா விளிம்பிலும் ஒரே அகலத்துக்கு, ஒரே அழுத்தத்தில் தேய்த்திருப்பார்கள். ஒரு சாமான் அப்படித் தேய்வதில்லை. டிராயர் கைப்பிடியைச் சுற்றி, கதவின் திறக்கிற பக்கம், நாற்காலியில் கால் ஊன்றும் முன் குறுக்குச் சட்டம், கை வைக்கும் முனை, இழுத்து இழுத்து நகர்த்திய கால்களின் அடி, இவையெல்லாம்தான் தேயும். செதுக்கு வேலையின் மேடுகள் தேயும். பள்ளங்களில் பெயிண்ட் அப்படியே இருக்கும், கூடவே அழுக்கும் சேரும். சுவரோரம் நின்ற முதுகுப் பக்கம் எதற்காகத் தேயப் போகிறது? அளவு மீறிய இடங்களில், பிரஷ்ஷைத் துணியில் ஒற்றி ஏறக்குறைய உலர்ந்த நிலையில் லேசாகத் தடவி மூடிவிடலாம்.

இரண்டாவது காரணம், வெளியே வந்த மரத்தின் நிறம். உண்மையில் தேய்ந்த இடத்தில் கை எண்ணெயும் அழுக்கும் ஊறி மரம் கறுத்திருக்கும். புதிதாக உப்புத்தாள் பட்ட மரமோ வெளிறிப் புதிதாகத் தெரியும். அந்த இடங்களில் மட்டும் பழுப்பு மரச்சாயத்தைத் துணியால் தொட்டு, ஊறியதும் உடனே துடைத்துவிடுங்கள். எண்ணெய் கலந்த சாயம் என்றால் அந்தத் துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது தானாகச் சூடேறித் தீப்பற்றக் கூடியது. வெளியில் விரித்துக் காய வைத்து, விறைத்த பிறகு எறியுங்கள். இன்னொரு சாமான் செய்யும்போது வரிசையையே மாற்றலாம்: வெறும் மரத்துக்கு முதலில் சாயம், அதன் மேல் ஷெல்லாக், அப்புறம்தான் பெயிண்ட். மெதுவாகத் தேய்த்தால் உப்புத்தாள் சாயம் ஏறிய அடுக்கிலேயே நின்றுவிடும்.

மூன்றாவது, பலர் கண்ணில் படாதது: நிறத்துக்கும் மரத்துக்கும் நடுவில் ஓடும் மெல்லிய வெள்ளைக் கோடு. அது பிரைமர். நீலப் பெயிண்ட், பழுப்பு மரம், இரண்டுக்கும் இடையில் வெள்ளை விளிம்பு. பழைய சாமான்களில் அப்படி ஒன்று வரக் காரணமே இல்லை. தேய்த்துத் தோற்றம் கொண்டுவரப் போகும் சாமானுக்கு வெள்ளை பிரைமருக்குப் பதில் ஊடுருவித் தெரியும் ஷெல்லாக்கைப் பயன்படுத்துவது இதனால்தான். ஏற்கெனவே அடித்தாகிவிட்டது என்றால், கரு மெழுகைக் கோட்டின் மேல் விரலால் தேய்த்து மறையுங்கள்.

பட்டி வைத்த இடத்தைத் தேய்த்துவிட்டால் அங்கே மரம் இல்லை, பட்டிதான் வெளியே வரும். மரச்சாயத்தை அது மரம் மாதிரி உறிஞ்சாது. ஆகவே எங்கெங்கே பட்டி வைத்தீர்கள் என்று பெயிண்ட் அடிக்கும் முன்பே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தப்பித் தேய்த்துவிட்டால் சாயத்தை நம்பாமல், மரத்தின் நிறத்துக்குக் கலந்த அக்ரிலிக் பெயிண்டால் (தண்ணீர் கலந்த வகை) தொட்டு மூடுங்கள்.

தேய்த்தால் ரப்பர் மாதிரி சுருண்டு வருகிறது

அக்ரிலிக் பெயிண்ட் தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். உள்ளே முழுவதும் இறுக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதற்குள் அவசரப்பட்டுத் தேய்த்தால் தூளாக வராமல் சுருள் சுருளாக வரும், தாளும் அடைத்துக்கொள்ளும். ஒரே தடவையில் கெட்டியாக அடித்திருந்தால் இன்னும் மோசம். நிறுத்திவிட்டு, காற்றோட்டமான இடத்தில் இன்னும் சில நாள் விடுங்கள். ஈரக்காற்றுள்ள பருவமானால் கூடுதலாக. பிறகு 220ஆம் எண் தாளால், சூடேறாதபடி லேசாக.

சாக் பெயிண்டில் இந்தத் தொல்லை இல்லை. 1990இல் ஆனி ஸ்லோன் என்ற பிரிட்டிஷ் பெண் அந்தப் பெயரில் கொண்டுவந்த பெயிண்டைப் பார்த்துப் பல நிறுவனங்கள் அந்த வகையைச் செய்கின்றன. கனிமத்தூள் அதிகம் என்பதால் உப்புத்தாள் பட்டால் மாவாகத்தான் வரும். ஈரத்துணியால் துடைத்தே விளிம்பைத் தேயவைக்கலாம், தூசியே பறக்காது. மேலே மெழுகு பூசும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

வீட்டிலேயே கலப்பவர்களுக்கு: ஒரு பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை ஒரு பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மூன்று பங்கு அக்ரிலிக் பெயிண்டில் ஊற்றுங்கள். தூளை நேராகப் பெயிண்டில் கொட்டினால் மணல் மணலாக நிற்கும். டப்பாவில் இறுக ஆரம்பித்துவிட்டால் தண்ணீர் விட்டு மீட்க முடியாது, அதை எறிய வேண்டியதுதான். ஒரு வேளைக்கு வேண்டிய அளவு மட்டும் கலக்கவும்.

வெடிப்பு வர வேண்டும், வரவில்லை

வறண்ட ஏரி மண் மாதிரி வெடித்த தோற்றத்துக்கு வழக்கமான முறை: அடிநிறம் காய்ந்ததும் வெள்ளைப் பசையோ வஜ்ஜிரமோ (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசை) பூசி, அது பிசுபிசுவென்று இருக்கும்போதே மேல்நிறத்தைத் தண்ணீர் பெயிண்டால் அடிப்பது. மேல்நிறம் காய்ந்து சுருங்கும்போது, கீழே இளகி வழுக்கும் பசை அதைப் பிடித்து வைக்காததால் பிளக்கிறது.

வரவில்லை என்றால் மூன்று இடங்களில் தேடுங்கள். பசை முற்றிலும் காய்ந்துவிட்டதா? மேல்நிறம் எண்ணெய் பெயிண்டா? அதில் தண்ணீர் இல்லை, பசை இளகாது. அடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப பிரஷ் ஓட்டினீர்களா? பெரும்பாலும் இதுதான். வெடிக்கத் தொடங்கிய பெயிண்டை இரண்டாவது இழுப்பு மறுபடி மெழுகிவிடும். ஒரு இழுப்பு, அதோடு விட்டுவிட வேண்டும். மேல்நிறம் கெட்டியாக இருந்தால் அகலமான வெடிப்பு, மெல்லிதாக இருந்தால் நுண்ணிய வெடிப்பு. பிரஷ் போன திசையில்தான் பிளவும் ஓடும். வலைப்பின்னலாக வேண்டுமானால் ரோலர்.

கேட்காமலே வெடித்திருந்தால், அடிப்பூச்சு காயும் முன் அடுத்தது அடித்திருப்பீர்கள், அல்லது இளகும் தன்மையுள்ள அக்ரிலிக் மேல் இறுகும் எண்ணெய் பெயிண்ட் ஏறியிருக்கும். பழைய பெயிண்ட் எந்த வகை என்று அறிய, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தேயுங்கள். நிறம் பஞ்சில் இறங்கினால் தண்ணீர் பெயிண்ட். இறங்காவிட்டால் எண்ணெய் பெயிண்ட் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடித்த உடனே சின்னச் சின்ன வட்டக் குழிகள்

சிலிக்கோன். பழைய மரச்சாமான் பாலிஷ்களில் இருக்கும். ஈரமாக இருக்கும்போதே துடைத்து எடுத்து, டர்பன்டைனால் கழுவி, ஷெல்லாக் ஒரு பூச்சு போட்டுவிட்டுத் திரும்ப அடியுங்கள்.

மெழுகுக்குப் பிறகு திட்டுத் திட்டாகக் கறுப்பு

சாக் பெயிண்ட் நன்றாக உறிஞ்சும். அதன் மேல் நேரடியாகக் கரு மெழுகு பட்டால் பட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். நிறமில்லாத மெழுகை முதலில் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே கரு மெழுகைச் சிறிதளவு எடுத்துப் பரப்ப வேண்டும். இப்போது வந்துவிட்ட திட்டுகளை நிறமில்லா மெழுகு தொட்ட துணியால் தேய்த்தாலே பெரும்பகுதி கரைந்து வந்துவிடும்.

நாள் கழித்தும் பிசுபிசுப்பாகவே இருக்கிறது என்றால் மெழுகு அதிகம். டர்பன்டைன் லேசாகத் தொட்ட துணியால் மேல்மெழுகை எடுத்து, அடுத்த நாள் மென்துணியால் அழுத்தித் துடையுங்கள். மெழுகு இறுகவும் மூன்று நான்கு வாரம் ஆகும்; அதுவரை சூடான பாத்திரமும் ஈரக் குவளையும் வேண்டாம். சாப்பாட்டு மேசைக்கு மெழுகை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் மெழுகு பூசிவிட்டு 'சரி, மேலே வார்னிஷ் அடித்துவிடலாம்' என்று போகாதீர்கள், ஒட்டாது. மெழுகை முழுவதும் நீக்கினால்தான் முடியும்.

வெள்ளை மேல் பூசிய வார்னிஷ் மஞ்சளாகிறது என்பது தனிப் புகார். எண்ணெய் பாலியூரித்தேன் வகை வார்னிஷ் இயல்பிலேயே மஞ்சள்; வருடம் போகப் போக ஏறும். வெளிர் நிறத்துக்குத் தண்ணீர் வகையைப் பயன்படுத்துங்கள். அதிலும் மஞ்சள் வந்தால் டானின் கறைதான், மேலே சொன்ன ஷெல்லாக் வைத்தியம்.

பெயிண்ட் அடித்ததும் பலகை கொப்புளம் விடுகிறது

அது திடமான மரம் இல்லை, வினீர், அதாவது மெல்லிய மரத்தகடு, ஒட்டியது. பெயிண்டின் தண்ணீர் பழைய வஜ்ஜிரத்தை இளக்கிவிட்டது. வஜ்ஜிரம் சூட்டில் மறுபடி உருகும் என்பது நமக்கு வசதி. கொப்புளத்தின் மேல் பெயிண்டை நீக்கி, ஈரத்துணி விரித்து இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் சிறிது நேரம் அழுத்துங்கள். பிறகு தட்டையான பலகை வைத்து மேலே கனம் ஏற்றி ஆற விடுங்கள். ஒட்டாவிட்டால் ரேகைப் போக்கிலேயே பிளேடால் கீறி, ஊசிக்குழலில் மரப்பசை செலுத்திக் கனம் வையுங்கள். இத்தகைய சாமானை விளிம்பில் தேய்க்கும்போது கவனம். புது வினீர் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, தாண்டினால் உள்ளே இருக்கும் மட்டமான மரம் தெரியும்.

கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொள்கிறது, திறந்தால் பெயிண்ட் கிழிகிறது

இறுகாத அக்ரிலிக் பரப்புகள் ஒன்றையொன்று தொட்டு அழுந்தினால் ஒட்டிக்கொள்ளும். கிழிந்த இடத்தை 220ஆம் எண் தாளால் சமன்செய்து, தொட்டு அடித்து, இரண்டு மூன்று வாரம் கதவைச் சற்றுத் திறந்தே வையுங்கள். மூட வேண்டிய கட்டாயம் இருந்தால் இடையில் வழவழப்பான பேக்கிங் தாள். இறுகிய பிறகு, தொட்டுக்கொள்ளும் விளிம்புகளில் மெழுகுவத்தியை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். டிராயரின் ஓடுதடத்திலும் பக்கவாட்டிலும் பெயிண்ட் இருந்தால் அதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, வெறும் மரத்தில் மெழுகு தேயுங்கள். அந்த இடத்துக்குப் பெயிண்ட் தேவையே இல்லை.